படி காயற வரைக்கும்

அங்கயே நில்லுங்க அம்மணி. மிதிச்சுப் போடாதீங்க. மேல போற படியெல்லாம் இப்பத்தான் துடைச்சு விட்டிருக்கேன், ஈரம்.

தமிழ்தானுங்களே? கீழ கதவைத் திறக்கறப்பவே "சரிம்மா, வீட்டைப் பாத்துட்டுக் கூப்பிடறேன்"னு போன்ல சொன்னது காதுல விழுந்துது. மேல் வீடு காலியாக் கெடக்குது, அதைப் பாக்க வந்தீங்களாக்கும். வீட்டு ஏஜென்ட் இன்னும் வரலீங்க. இந்த ஜெர்மனியில எல்லாரும் சொன்ன நேரத்துக்கு வந்து நிப்பாங்கன்னு நம்ம ஊர்ல பேசிக்குவாங்க. அது ரயிலுக்கும் இந்த ஏஜென்டுக்கும் பொருந்தாது. அவரு வர்றதுக்குள்ள படி காஞ்சுரும். வாங்க, இந்தச் செருப்பு ஸ்டாண்டு மேல உக்காருங்க. தாங்கும். என்னையே தாங்குது.

என்ன அப்படிப் பாக்கறீங்க? வாளியும் துணியுமா நிக்கறேனேன்னா? படி துடைக்க வந்தவன்னு நினைச்சுப் போடாதீங்க. இந்த ரெண்டாவது மாடி வீடு எங்களுது. பேரு ரேணுகா. ஊரு கோபிச்செட்டிபாளையம். எங்க வீட்டுக்காரரு இங்க ஸ்டுட்கார்ட்ல கார் பாகம் செய்யற கம்பெனியில இஞ்சினியர். நான் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. இப்பவே சொல்லி வெச்சர்றேன், அப்பறம் பேச்சுல மறந்து போயிருவேன்.

இந்தப் பக்கத்துல படி துடைக்க ஆள் போட மாட்டாங்க அம்மணி. முறை. வாரம் ஒரு வீடு. யார் வாரமோ அவங்க கதவுல ஒரு மரப் போர்டு தொங்கும். "கேர்வோகே"ன்னு எழுதியிருக்கும். பெருக்கற வாரம்னு அர்த்தம். அந்த வாரம் படி, கீழ் வராந்தா, குப்பைத் தொட்டி வெக்கற எடம், வாசல் நடைபாதை எல்லாம் அவங்க பொறுப்பு. சனிக்கிழமை துடைச்சு முடிச்சு, போர்டைக் கழட்டி அடுத்த வீட்டுக் கதவுல மாட்டிப்போட்டு வந்துரோணும். அவ்வளவுதான் சட்டம். நீங்க வந்தா உங்களுக்கும் வரும்.

இது என்ர வாரமான்னா கேக்கறீங்க? அதைக் கேக்காதீங்க. அதைச் சொல்லோணும்னா துபாயில இருந்து ஆரம்பிக்கோணும்.

செரி, கேட்டுட்டீங்க, சொல்லிப்போடறேன். துபாயில இருக்கறது என்ர ஓரகத்தி மேனகா. எங்க வீட்டுக்காரரோட தம்பி சம்சாரம். அமெரிக்காவுல நியூஜெர்சியில எங்க நாத்தனார், சாந்தாமணி அண்ணி. நான் இங்க. சனிக்கிழமையானா மூணு பேரும் வீடியோவுல பேசுவோம். குசலம் விசாரிக்கறதுன்னு பேரு. நிஜத்துல அது பரீட்சைங்க.

அண்ணி ஆரம்பிப்பாங்க. "எங்க வீட்ல பாத்ரூமே நாலு ரேணு. எதுக்குப் போறதுன்னே தெரியல." பாத்திரம் கழுவ மெசின், துணி காயவெக்க மெசின், கோயிலுக்குக் கார்ல போனா அங்கயே புளியோதரை. மேனகா அடுத்தது. கீழ கடையில கறிவேப்பிலை, முருங்கைக்காய், மல்லிப்பூ. போன் பண்ணா லிஃப்ட்ல ஏறி வருமாம். அதுக்கும் மேல அவளுக்கு ரோசலின். வீட்டோட இருக்கற ஆளு. சமையல், துணி, புள்ளைக்குத் தலை பின்னறது எல்லாம் ரோசலின். "தண்ணி குடிக்கக் கூட எந்திரிக்க விடறதில்லீங்க அக்கா"ம்பா. அதை ஒரு மாதிரி சலிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவா. சலிச்சுக்கறது அவ ஸ்டைலு.

அப்பறம் என்ர முறை. நான் என்னத்தைச் சொல்லறது? ஞாயித்துக்கிழமை கடை இல்ல. கறிவேப்பிலை வேணும்னா ட்ரெயின் ஏறோணும். பாத்ரூம்ல கழுவப் பைப்பு இல்லங்கறதைப் பத்தி நான் வாயே திறக்கலீங்க. ஒரு நா என்ர பையன் அகிலன் செம்போட ஓடறது பின்னால தெரிஞ்சு, அதுவும் வெளிய வந்துருச்சு. நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன், "எங்க ஊர்ல காத்து சுத்தம்." அதுக்கு அண்ணி கேக்கறாங்க, "காத்தைத் தாளிச்சு ரசம் வெக்க முடியுமா ரேணு?"

எனக்கு எப்படி இருக்கும்? நான் அந்த வீட்டுக்கு மூத்த மருமக. மேனகா கல்யாணமாகி வந்தப்ப அவளுக்குப் பால் பொங்கறது கூடத் தெரியாது, அடுப்பைப் பாத்து நின்னுட்டிருப்பா. நான்தான் பக்கத்துல நின்னு எல்லாம் பழக்கி விட்டேன். அவ இன்னைக்கு உக்காந்த எடத்துல தண்ணி குடிக்கறா. நான் எம்.எஸ்சி. படிச்சுப்போட்டு முட்டி போட்டுப் படி துடைக்கறேன். இது மட்டும் அவங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு வெச்சிருந்தேன். என்னத்தை வேணா சொல்லட்டும், இதை மட்டும் என்னால தாங்க முடியாது அம்மணி.

இப்படி இருக்கறப்ப ஒரு சனிக்கிழமை, மளிகைப் பையைத் தூக்கிட்டு, போன்ல அவங்களோட பேசிக்கிட்டே மேல ஏறி வர்றேன். என்ர கதவுக்கு முன்னால எதுத்த வீட்டு ஃப்ராவ் ஹேபர்லே முட்டி போட்டுத் துடைச்சுட்டிருக்காங்க. ஃப்ராவ்னா நம்ம அம்மாங்கற மாதிரி, மரியாதை. அந்த வாரம் அவங்க முறை. வெள்ளை முடி, நீல ஏப்ரன், நெம்ப சுத்தக்காரங்க.

மேனகா கேட்டா, "அக்கா, பின்னால யாருங்க அது வெள்ளைக்காரம்மா?"

நான் உள்ளதைத்தான் சொன்னேன். "ஃப்ராவ் ஹேபர்லே. படி துடைக்கறாங்க."

"உங்க படியையா?"

"என்ர படியைத்தான்."

எதுல பொய் இருக்குது? என்ர வீட்டுக்கு வர்ற படி என்ர படி இல்லாம யார் படி?

"வாராவாரம் துடைப்பாங்களா அக்கா?"

"வாராவாரம் துடைச்சுருவாங்க." யாராவது துடைப்பாங்கதானுங்களே.

நியூஜெர்சியில சத்தத்தையே காணோம். சிக்னல் போயிருச்சாக்கும்னு பாத்தேன். போகலீங்க. அண்ணி வாயைத் திறந்த மேனிக்கு உக்காந்திருக்காங்க. நாலு பாத்ரூமும் அந்த நிமிசத்துல தண்ணியில போச்சு. வெள்ளைக்காரம்மா வந்து படி துடைச்சுட்டுப் போற வீடு எங்க சொந்தத்துலயே என்ர வீடு ஒண்ணுதான். அந்தச் சேதி அன்னைக்கே கோபிக்குப் போயி, அங்கிருந்து ஈரோட்டுக்குப் போயி, எங்க பெரியம்மா போன் பண்ணி "சம்பளம் என்ன கண்ணு கேக்கறா?"ன்னு விசாரிச்சாங்க.

நான் ஒண்ணும் சொல்லல. அவங்களா நினைச்சாங்க, நான் மறுக்கல. மறுக்காதது எப்படிப் பொய்யாகும்? நீங்களே சொல்லுங்க.

ஃப்ராவ் ஹேபர்லே யாருன்னு சொல்லலியே. கோர்ட்டுல ஜட்ஜா இருந்து ரிடையரானவங்க.

மெதுவா சிரிங்க அம்மணி. அவங்க கதவு அதுதான். காது கூர்மை.

செரி, ஒரு வழியா நிம்மதியா ஆறு மாசம் ஓட்டினேன். சனிக்கிழமைன்னா அண்ணியே முதல்ல கேப்பாங்க, "உன்ர வெள்ளைக்காரம்மா வந்தாங்களா?" வந்தாங்கன்னு சொல்லுவேன். எதுத்த வீட்டுல இருந்து வர்றவங்க வராம எங்க போவாங்க? அப்பத்தான் மேனகா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டா. புள்ளைக்குப் பள்ளிக்கூடம் லீவாம். பத்து நாள் எங்க வீட்டுக்கு வர்றாளாம்.

எனக்குச் சோறு எறங்கலீங்க. எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னா, "ஒறம்பரை வந்தா சந்தோசப்படு, இதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறே?"ங்கறாரு. ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க புரியுது. நான் காலண்டரை எடுத்து வெச்சு யார் வாரம் எப்ப வருதுன்னு விரல் விட்டுப் பாத்தேன். அவங்க வர்றப்ப, இப்பக் காலியாக் கெடக்கற மேல் வீட்டுல அப்ப இருந்தவங்க வாரம். தப்பிச்சேன்னு நினைச்சு மைசூர்பா கிளறினேன்.

மேல் வீட்டுக்காரன் ஊருக்குப் போறேன்னு அவன் முறையை ஒரு வாரம் முன்னாலயே முடிச்சு, போர்டைத் தள்ளி விட்டுட்டான். ஏர்போர்ட்ல இருந்து மேனகாவையும் புள்ளை யாழினியையும் கூட்டிட்டு வந்து, பொட்டியைத் தூக்கி, மூச்சு வாங்கி இந்த எடத்துக்கு வந்து நிமிந்து பாத்தா, என்ர கதவுல போர்டு தொங்குது.

"இது என்னங்க அக்கா போர்டு? அழகா இருக்குதே," அப்படிங்கறா. அழகாத்தான் இருக்கும். ஃப்ராவ் ஹேபர்லேயோட மாமனாரு கையால செதுக்குனது. சுத்தியும் திராட்சைக் கொடி, நடுவுல எழுத்து.

எப்படி வந்துச்சுன்னு தெரியல, வாயில தானா வந்துருச்சு. "அது மரியாதைப் போர்டு. கட்டடத்துலயே சிறப்பா இருக்கற குடும்பத்துக்குக் குடுப்பாங்க."

"வருசா வருசமா?"

"நமக்கு அடிக்கடி வரும்," அப்படின்னேன். அதுவும் பொய்யில்ல பாருங்க. நாலு வாரத்துக்கு ஒருக்கா வருது.

மேனகா அதைத் தொட்டுக் கும்பிட்டுட்டு உள்ள வந்தா.

மொதல் நாளே ஃப்ராவ் ஹேபர்லே வந்துட்டாங்க, புது ஒறம்பரையப் பாக்க. மேனகா என்ன பண்ணினா தெரியுங்களா? நம்ம வீட்டுல வேலைக்கு வர்றவங்களுக்கு எடுத்து வெக்கற மாதிரி, ஒரு டப்பாவுல இட்லி, ஒரு டப்பாவுல சட்னி, மேல ஒரு பழைய சேலைன்னு வெச்சு, "உங்களுக்குத்தான், கொண்டு போங்க"ன்னு நீட்டிட்டா. நான் கண்ணை மூடிக்கிட்டேன். ஃப்ராவ் ஹேபர்லேக்கு ஒரே சந்தோசம். சேலைய அங்கயே தோள்ல போட்டுக்கிட்டு, சாயங்காலம் ஒரு பெரிய ஆப்பிள் கேக்கோட திரும்பி வந்தாங்க. "பாருங்க அக்கா, உங்க ஆளு கேக்கெல்லாம் பண்ணித் தருது"ன்னு மேனகாவுக்கு ஆச்சரியம். அந்தம்மா கேக்கை வெச்சுப்போட்டு, பழக்கதோசம், ஜன்னல் ஓரத்துல ஒரு விரலை வெச்சு இழுத்துத் தூசி இருக்குதான்னு பாத்தாங்க. பாத்துட்டு என்னைப் பாத்தாங்க. நான் தலை குனிஞ்சேன்.

"வேலைக்கு வர்றவங்க நம்மளைப் பாத்து முறைக்கறாங்களே?"ன்னு மேனகா காதுல கேக்கறா.

"பொறுப்பானவங்க," அப்படின்னேன்.

மூணாவது நாள் யாழினி போனைத் தூக்கிப் போர்டுக்கு நேராப் புடிச்சா. இப்பத்தான் எதைக் காட்டினாலும் போனு அர்த்தம் சொல்லிருதே. "பெரிம்மா, பெருக்கற வாரம்னு வருது?"ங்கறா. ஆனா நானும் லேசுப்பட்ட ஆளில்ல. "அந்தப் போனுக்கு இந்தப் பக்கத்து ஜெர்மன் புரியாது கண்ணு"ன்னு சட்டுனு சொல்லிட்டேன். மேனகா போனை வாங்கிப் பாத்தா. கொஞ்ச நேரம் பாத்தா. அப்பறம் என்ர மூஞ்சியப் பாத்தா. "ஆமா சாமி, இந்தப் போனெல்லாம் சுத்த மோசம்"னு சொல்லிப் புள்ளைய உள்ள கூட்டிட்டுப் போயிட்டா. அவளுக்கு எப்பவும் சூதுவாது தெரியாதுங்க. என்ன சொன்னாலும் நம்பிருவா. அவளை ஏமாத்தினதுல எனக்குப் பாவம் ஒண்ணு கூடிருச்சு.

சனிக்கிழமை வந்துருச்சு. துடைச்சே ஆகோணும். துடைக்கலைன்னா ஃப்ராவ் ஹேபர்லே வந்து மணியடிப்பாங்க. எல்லாரும் தூங்கட்டும்னு விடியறப்ப எந்திரிச்சு, சத்தமில்லாம வாளியை எடுத்துட்டு வந்து, இதோ இந்த மூணாவது படியில முட்டி போட்டிருக்கேன், கதவு திறக்குது. மேனகா. நைட்டியோட நிக்கறா.

"என்னங்க அக்கா பண்றீங்க?"

"தோடு விழுந்துருச்சு. தேடறேன்."

கையில ஈரத்துணி. பக்கத்துல வாளி. அவ நைட்டியத் தூக்கிச் சொருகிக்கிட்டு, "நானும் தேடறேன்"னு பக்கத்துல முட்டி போட்டுட்டா. ரெண்டு பேருமா மேல இருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு படியாத் தேடறோம். நான் துணிய வெச்சுத் தேய்ச்சுக்கிட்டே தேடறேன். அவளும் இன்னொரு துணிய வாளியில நனைச்சு, புழிஞ்சு, மூலையெல்லாம் விட்டுத் தேடறா. "தூசிக்கு அடியில கெடந்தா தெரியாதில்லீங்களா அக்கா"ங்கறா. எவ்வளவு வெகுளி பாருங்க. கீழ் வராந்தா வரைக்கும் தேடி முடிச்சப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, என்ர ரெண்டு தோடும் காதுலயேதான் இருக்குது. நல்ல வேளை, முடியைத் தள்ளி விட்டு மறைச்சுட்டேன், அவ கவனிக்கல. வாசல் படியில உக்காந்து ரெண்டு பேரும் மூச்சு வாங்கினோம். திடீர்னு அவ சிரிக்க ஆரம்பிச்சா. ஏன் சிரிக்கறான்னு தெரியாம எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சோம். கோபியில ரெண்டு பேரும் ஒரே சமையல்கட்டுல இருந்தப்ப அப்படிச் சிரிச்சது. அதுக்கப்பறம் அன்னைக்குத்தான்.

அப்ப என்ர கையைப் புடிச்சுப் பாத்தா. "கையெல்லாம் ஏனுங்க அக்கா இப்படி வெடிச்சுக் கெடக்குது?"

"இந்த ஊரு குளிரு."

"ஆனி மாசத்துலயுமா?"

"இங்க ஆனியிலயும் குளிரும்," அப்படின்னேன். ரெண்டு பேருக்கும் வேர்த்து ஊத்திட்டிருக்குது.

அப்பறம் அவ ஒண்ணு சொன்னா. "எங்க வீட்ல நான் எதைத் தொட்டாலும் ரோசலின் ஓடி வந்து வாங்கிக்குதுங்க அக்கா. யாழினிக்கு ஒரு நா நான் தலை பின்னி விட்டா, ரோசலின் மாதிரி வரலைன்னு அழுகறா." சொல்லிப்போட்டு வாசலையே பாத்துட்டிருந்தா. பெருமை பாத்தீங்களா? அந்த நேரத்துலயும் ஆள் வெச்சிருக்கற கதையத்தான் பேசறா.

மீதி நாளெல்லாம் நல்லாத்தான் போச்சு. பொய் சொல்ல மாட்டேன், நெம்ப நல்லாப் போச்சு. பாத்திரமெல்லாம் அவளே கழுவினா, வேண்டாம்னாலும் கேக்கல. யாழினிக்கு அவளே தலை பின்னினா. கோணலாத்தான் வந்துச்சு, அந்தப் புள்ளையும் பழகிருச்சு. போற அன்னைக்கு ஏர்போர்ட்ல என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, "இனிமே உங்க கையில யாரும் வாளியைக் குடுக்க மாட்டாங்க அக்கா"ன்னா. எனக்கு யாரு வாளியைக் குடுக்கறாங்க? பிரிஞ்சு போற துக்கத்துல என்னமோ ஒளர்றான்னு நினைச்சு முதுகைத் தடவி அனுப்பி வெச்சேன். வீட்டுக்கு வந்தா வீடே வெறிச்சுனு கெடக்குது. உக்காந்து அழுதேன்.

அழுது முடிச்சுப்போட்டு, செரி, மேனகா கண்ணு முன்னால மாத்த முடியாம சனிக்கிழமையில இருந்து விட்டு வெச்சிருந்த போர்டைக் கழட்டி எதுத்த வீட்டுல மாட்டலாம்னு வந்தா, போர்டைக் காணோம்.

ஆணி இருக்குது. போர்டு இல்ல. செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால, குப்பைத் தொட்டியில, கீழ சைக்கிள் நிறுத்தற எடத்துல, எங்கயும் இல்ல. ஃப்ராவ் ஹேபர்லேகிட்டப் போயி நின்னேன். அவங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டுத் தீர்ப்புச் சொல்றாங்க. போர்டு யார் கதவுல இருந்துச்சோ, அவங்க அதை அடுத்த வீட்டுக்கு ஒப்படைக்கற வரைக்கும் வாரம் அவங்களோடதுதான். போர்டு இல்லாம வாரம் மாறாது.

எங்க வீட்டுக்காரரு ஒரு அட்டைப் பெட்டியக் கிழிச்சு, அதுலயே எழுதி, அவங்க கதவுல மாட்டிப்போட்டு வந்தாரு. சாயங்காலம் அந்தம்மா அதை ரெண்டு விரல்ல புடிச்சுக் கொண்டாந்து திருப்பிக் குடுத்தாங்க. அட்டை செல்லாதாம். புதுப் போர்டு செய்யோணும்னா வீட்டு உரிமையாளருங்க கூட்டத்துல முடிவாகோணுமாம். கூட்டம் வருசத்துக்கு ஒருக்காத்தான், பங்குனி மாசத்துல. அது வரைக்கும் பெருக்கற வாரம் என்ர வாரம். வாராவாரம் என்ர வாரம்.

அடுத்த சனிக்கிழமை வீடியோவுல மேனகா வீட்டு ஹாலு தெரியுது. சோபாவுக்கு மேல, சுவத்துல, மாலை போட்டு, சின்ன லைட்டு வேற வெச்சு, என்ர போர்டு.

"மன்னிச்சுக்கோங்க அக்கா, கேக்காம எடுத்துட்டு வந்துட்டேன். நம்ம குடும்பத்துக்குக் கெடச்ச மரியாதை, நாலு பேரு பாக்கட்டுமேன்னு."

அண்ணி நியூஜெர்சியில இருந்து கேக்கறாங்க, "ஏன் ரேணு, அந்த மாதிரி இன்னொண்ணு கெடைக்குமா? எங்க வாசல்ல ஒரு எடம் சும்மா இருக்குது."

நான் என்னங்க சொல்லட்டும்? திருப்பி அனுப்புன்னா எதுக்குன்னு கேப்பா. எதுக்குன்னா படி துடைக்கன்னு சொல்லோணும். அதுக்கு நான் பங்குனி வரைக்கும் துடைச்சே தீத்தர்றேன்.

போன வாரம் கூப்பிட்டா பாருங்க, தனியா, அண்ணி இல்லாம. நான் இதே எடத்துல நிக்கறேன். வாளியைக் காலால பின்னுக்குத் தள்ளி விட்டுட்டு போனை மேல தூக்கிப் புடிச்சுட்டேன், மூஞ்சி மட்டும் தெரியற மாதிரி.

"அக்கா, இப்பல்லாம் சனிக்கிழமை கை சும்மாத்தானே இருக்குது? ஒரு வேலையும் இல்லீல்ல?"

"எனக்கென்ன வேலை? ராணி மாதிரி இருக்கேன்."

"நிஜமாவாங்க அக்கா? அந்த வாளி, துணி, ஒண்ணும்..."

"வாளியா? வாளி எப்படி இருக்கும்னே மறந்து போச்சு போ."

அழுதுட்டா அம்மணி. பொசுக்குனு கண்ணு நெறஞ்சு, "அது போதுங்க அக்கா, எனக்கு அது போதும்"னு சொல்லி, வெச்சுட்டா. என்னதான் கூடப்பொறந்தவ மாதிரி பழகினாலும், நான் ராணி மாதிரி இருக்கேன்னா அவளுக்குத் தாங்கறதில்ல. பொறாமை. இத்தனைக்கும் அவ வீட்டுச் சுவத்துல என்ர போர்டு தொங்குது.

ஏன் அம்மணி அப்படிப் பாக்கறீங்க? கண்ணு ஏன் கலங்குது? அந்தத் துடைக்கற மருந்து நெடி அப்படித்தான். கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இதுக்குள்ள என்னென்ன கலந்திருக்கறாங்கன்னு என்னைக் கேட்டாச் சொல்லுவேன், கெமிஸ்ட்ரிதானே.

வீட்டை எடுத்துக்கோங்க. நல்ல வீடு, வெளிச்சம் வரும். பங்குனி வரைக்கும் படிக்கு நான் உத்தரவாதம். போன் அடிக்குது பாருங்க. அம்மாவா? எடுங்க எடுங்க, வீடியோன்னா எடுங்க, பாவம் அங்க காத்துட்டிருப்பாங்க. நான் பாட்டுக்கு இந்தத் துணியப் புழிஞ்சு, கீழ் படிய ஆரம்பிக்கறேன். என்னைக் கண்டுக்காதீங்க.

பேசி முடிச்சுட்டீங்களா?

இல்ல, ஒண்ணுமில்ல. உங்கம்மா கேட்டது எனக்கும் காதுல விழுந்துது. "பரவாயில்லையேடி, அந்த ஊர்ல மாடிப்படி துடைக்க நம்ம ஆளே கிடைக்கறாங்களா?"ன்னாங்க. அதுல தப்பில்ல. அவங்களுக்குத் தெரியாது, கேட்டாங்க. ஆனா நீங்க? இத்தனை நேரம் என்ர செருப்பு ஸ்டாண்டு மேல உக்காந்து, என்ர கதையை மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேட்டீங்க. எம்.எஸ்சி.ன்னு சொன்னேன். கெமிஸ்ட்ரின்னு சொன்னேன். நீங்க என்னடான்னா ஒரு சிரிப்புச் சிரிச்சு, "அப்பறம் பேசறேம்மா"ன்னு வெச்சுட்டீங்க. இல்லம்மா, இவங்க பக்கத்து வீட்டுக்காரங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயில இருந்து முத்து உதிர்ந்துருமா? ஒரு மனுசி அப்படியா மறுக்காம இருப்பா?

அவரு வந்துட்டாரு, ஏஜென்ட். போங்க. ஓரமாப் போங்க அம்மணி, நடுவுல இன்னும் ஈரம்.